ஒலியை ஏற்றிய கை

மார்ச் 4, திங்கள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

கிருபையும் சமாதானமும் உண்டாகுக. சமாதானம் என்று எழுதக் கை கூசுகிறது, கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நேற்று ஜெபக்கூட்டத்தில் நீ செய்தது என்ன? ஜெபத்தை நடத்துகிறவன் நான். கீபோர்டு வாசிக்கிறவன் நீ. என் சொல்லுக்கு அடியில் உன் இசை மெல்லிய நீரோட்டமாய் ஓட வேண்டும் என்பதே ஏற்பாடு. யாழ் பாடுவோனுக்குத் துணை. அவன் வாயை அடைக்கும் துணியன்று. நீயோ கூரை அதிர வாசித்தாய். "கச்சேரிக்கு வந்துட்டோமோன்னு நெனச்சேன் ஐயா" என்று பொருளாளர் என் முகத்துக்கு நேரே சிரித்தார்.

வரும் ஞாயிறு சபையார் முன் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன் அக்காள் நலம். அதிகம் பேசுவதில்லை.

உன் அத்தான்


மார்ச் 6

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மன்னிப்பா? நானா?

உங்கள் கடிதத்தில் அக்காள் எழுந்து நின்றதைத் தேடினேன், இல்லை. "பாரம் உள்ளவங்க எழுந்து ஜெபிக்கலாம்" என்று அழைத்தவர் நீங்கள். எழுந்தது உங்கள் மனைவி. "ஆண்டவரே, எங்க மக எங்களக் கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டா. அதுக்காக அவ வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சு..." அவ்வளவுதான். உங்கள் வலக்கை உயர்ந்தது. ஒலியை ஏற்று என்பதற்கு நமக்குள் வேறு சைகை உண்டா? பழகிய விரல்கள், நான் யோசிக்குமுன் ஏற்றிவிட்டன. அக்காளின் வாய் அசைந்தது, சொல் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்கிறேன். வாரந்தோறும் பிள்ளைகளுக்காகப் பெயர் பெயராய் ஜெபிப்பீர்கள். கடைசிப் பெயர் முடிந்ததும் உங்களுக்கு இருமல் வரும், கை உயரும், நான் வாசித்து மூடுவேன். ஊரார் பிள்ளைகள் எல்லாரும் அந்த வரிசையில் உண்டு. பெற்ற பிள்ளை மட்டும் இல்லை. இனி நான் மூட மாட்டேன்.

மைத்துனன்


மார்ச் 8

வாய் நீண்டுவிட்ட மைத்துனனுக்கு,

வாழ்த்து எழுத மனமில்லை. ஆம், கை உயர்த்தினேன். உள்ளறையில் முழங்காலிட்டுச் சொல்லவேண்டியதை நூறு பேர் முன் விரித்துக் கணவனைக் கூண்டில் ஏற்றுவது ஜெபமா, வழக்கா? பெற்றவன் நெஞ்சு வெந்ததை, பொத்தானை அமுக்கி வயலின் ஓசை எழுப்புகிறவன் எங்ஙனம் அறிவான்?

உன் வாத்தியம் இனி ஜெபமன்றத்துக்குள் வர வேண்டாம். ஒயர்களைச் சுருட்டி எடுத்துப் போ. கிட்டார் வாசிக்க ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டேன்.

உன் அக்காள் நேற்று முதல் உன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. சமைத்து மூடிவைத்துவிட்டு, ஒரு சொல் சொல்லாமல் போயிருக்கிறாள். அனுப்பிவை.

அத்தான்


மார்ச் 11

அத்தானுக்கு,

கீபோர்டை எடுத்து வந்துவிட்டேன். அக்காளை அனுப்ப மாட்டேன். அவள் என்ன பார்சலா?

நேற்று நீங்கள் அங்கே கூட்டம் நடத்திய நேரத்தில், என் வீட்டு முன்னறையில் அவள் விட்ட இடத்திலிருந்து ஜெபித்து முடித்தாள். கீபோர்டு உறைக்குள் கிடந்தது. உங்கள் மகளும் வந்திருந்தாள். வழக்கு என்று எழுதினீர்களே, நீங்கள் கேட்கவிடாத மிச்சம் இதுதான்:

"அவரு கெட்டவரு இல்ல ஆண்டவரே. எல்லாரு பேரையும் சொல்றாரு. மக பேரு வர்ற இடத்துல தொண்டை அடச்சுக்குது, இருமுறாரு. அந்தத் தொண்டையத் தெறந்து விடும்."

ஆமென் சொன்னவள் உங்கள் மகள். எனக்கு உங்கள்மேல் கோபம் தீரவில்லை.

மைத்துனன்


மார்ச் 13

மைத்துனனுக்கு,

எனக்கும் தீரவில்லை. என்னைப் பற்றி என்னிடம் சொல்லாமல் ஆண்டவரிடம் சொன்னவள்மேலும் கோபம்தான்.

ஞாயிறு நடந்ததை நீ பிறர் வாயால் கேட்குமுன் நானே எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயர் முடிந்தது. இருமல் வந்தது. கையை உயர்த்தினேன். புதிய கிட்டார்க்காரருக்கு நம் சைகை தெரியாது. நிறுத்தச் சொல்கிறேன் என்று எண்ணி வாசிப்பதை நிறுத்திவிட்டார். மன்றத்தில் மின்விசிறியின் ஓசை மட்டும். நூறு பேர் கண்மூடிக் காத்திருந்தார்கள். நான் அவள் பெயரைச் சொல்லவில்லை. ஆமென் என்று முடித்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலை வருகிறேன். உன் அக்காளோடு அவளும் இருக்கட்டும். கீபோர்டை உறையிலிருந்து எடுக்காதே. அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனாலும், எதைக் கொண்டும் மூடிவிடாதே.

அத்தான்