அவர் கன்சர்வேடிவாம்

பிப்ரவரி 11, 1968

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். பெரியப்பா விழித்துக்கொண்டால் விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்பார்.

அப்பா இங்கிலாந்தில் இருக்கும் கவென்ட்ரிக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. இந்த ஆகஸ்டில் பதினாறு. அந்த ஊர்ச் சட்டப்படி அதற்குள் நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தால்தான் மகள் என்று என்னை உள்ளே விடுவார்கள். அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் இதைத்தான் எழுதுகிறார். பெரியப்பாவும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே பதில்தான் சொல்கிறார். "மாமிசம் சமைக்கற வீட்டிலே வயசுப் பொண்ணைக் கொண்டு வெக்கறதாவது." அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள்.

அப்பாவின் குரல் மறந்துவிட்டது. இருமல் மட்டும் நினைவிருக்கிறது.

பிப்ரவரி 25

இன்று வந்த கடிதத்தில் அப்பா எழுதியிருந்தார்: இங்கே என் வீட்டுக்காரர் ஹார்வுட் நாம் மூவரும் இருக்க மாடியைத் தருவார் போலிருக்கிறது, அவர் பழைய காலத்துக் கன்சர்வேடிவ். பெரியப்பா அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஷ்யாமு, அம்மாகிட்டே சொல்லு. கன்சர்வேடிவாம். அப்போ ஆசாரம் பாக்கறவாளாத்தான் இருப்பா. வெள்ளைக்காராளிலேயும் இருக்கா பாரேன்."

இங்கே மாட்டுங்காவில் தமிழ்க் குடும்பங்கள் சம்பந்தம் பேசுகிறபோது எல்லாரும் சொல்கிற சொல் அது. கன்சர்வேடிவ் ஃபேமிலி என்றால் வெங்காயம்கூட வாங்காதவர்கள்.

இங்கிலாந்தில் அது ஒரு கட்சியின் பெயர் என்று எனக்குத் தெரியும். ஸ்கூலில் படித்திருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அப்பாவிடம் போகிற வழி அடைந்துவிடும்.

மார்ச் 3

சொல்லாமல் இருப்பதும் பொய்தானா?

மார்ச் 24

அம்மாவின் தம்பி கிட்டு மாமா குர்லாவில் ரேடியோ கடை வைத்திருக்கிறார். பெரியப்பா கையில் சிக்காமல் இருக்க அந்த விலாசத்தைக் கொடுத்து, ஹார்வுட் எப்படிப்பட்டவர் என்று அப்பாவைக் கேட்டிருந்தேன். பதில் வந்துவிட்டது.

ஒரே கட்சிதான், ஆனால் மூன்று தினுசு என்கிறார் அப்பா. ஹார்வுட் மாதிரி ஆட்களுக்கு எல்லாம் பழைய முறைப்படி நடக்க வேண்டும், மேலே இருப்பவன் கீழே இருப்பவனைத் தாங்க வேண்டும். ஃபாக்டரி அக்கவுண்டன்ட் வேறு தினுசு: சர்க்கார் தலையிடாமல் இருந்தால் போதும், வியாபாரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது தினுசுக்குத் தேசம் என்றால் இரத்தம், வந்தவர்கள் வெளியாட்கள். ஓட்டு மட்டும் மூவரும் ஒன்றாகப் போடுகிறார்களாம்.

கிட்டு மாமா சிரித்தார். "நான் ரெண்டாவது தினுசுடீ. போறவா போட்டும். தடுக்கறதுக்கு சர்க்கார் யாரு, ஒங்க பெரியப்பாதான் யாரு?"

ஏப்ரல் 23

பேப்பரில் வந்துவிட்டது. அந்தக் கட்சியின் பெரிய புள்ளி ஒருவர், வெளிதேசங்களிலிருந்து குடியேற வருகிறவர்களை நிறுத்த வேண்டும், வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பேசியிருக்கிறார்.

பெரியப்பா பேப்பரை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதான் அந்தக் கன்சர்வேடிவா? நோக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அப்புறம் எப்படி அவ்வளவு பேசினேன் - பேசினவரைக் கட்சித் தலைவரே பதவியிலிருந்து எடுத்துவிட்டார், இரண்டு பேரும் ஒரே கட்சி, பாருங்கோ. இங்கே நம் ஸ்டேஷன் சுவரில் மெட்ராஸிகளே போங்கள் என்று எழுதுகிறார்களே, இவர் அந்தத் தினுசு. ஹார்வுட் அப்படி இல்லை பெரியப்பா. அவர் உங்களை மாதிரி. தன்னை நம்பி இருக்கிறவர்களைக் கைவிட மாட்டார்.

"என்னை மாதிரியா?" முகம் இளகியது. "அப்போ நானே எழுதிக் கேக்கறேன். பெரியவாளுக்குள்ளே பேசிண்டா ஆச்சு."

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து எனக்கு இன்னொரு தோசை போட்டாள்.

ஏப்ரல் 26

லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அந்தப் பேச்சுக்காரரை ஆதரித்து ஊர்வலம் போனார்களாம். தொழிலாளர்கள். அப்பா சொன்ன மூன்றில் இவர்களை எங்கே வைப்பது?

மே 12

மாடி என்றால் அப்பா வேலை முடிந்து ஏறி வருகிற சத்தம் கேட்கும். முதல் படியிலேயே கேட்குமா? சாவியை எந்தப் பையில் வைத்திருப்பார்?

ஜூன் 9

ஹார்வுடின் பதில் வந்தது. பெரியப்பா உரக்கப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். அப்பா மிக நாணயமானவர். தன் வீட்டில் இருக்கும்வரை அவரை யாரும் ஒரு சொல் சொல்ல விடமாட்டார். ஆனால் தெருவில் இப்போது நிலவரம் சரியில்லை. ஒரு இளம்பெண்ணுக்குப் பொறுப்பேற்க மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. தன் மனிதர்களோடு, தன் முறைகளோடு அவள் வளர்வதே நல்லது. அவரவருக்கு அவரவர் இடம்.

"எவ்வளவு கௌரவமான மனுஷன்," என்றார் பெரியப்பா. "நான் சொன்னதையேதான் அவரும் சொல்றார். நீ சரியாத்தான் சொன்னே ஷ்யாமு. என்னை மாதிரியேதான்."

நான்தானே சொன்னேன். என் வாயால நான்தானே சொன்னேன்.

ஜூலை 14

அப்பா வேறு இடம் தேடுகிறார். கேட்கப் போனால் ரூம் காலியில்லை என்கிறார்களாம். வாசலில் காலி என்று அட்டை தொங்குகிறதாம்.

ஆகஸ்ட் 18

நேற்று பதினாறு. பெரியப்பா பட்டுப் பாவாடை வாங்கித் தந்தார். நமஸ்காரம் பண்ணினேன். வெகுநேரம் என் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

எதிர் வீட்டுக்காரர்கள் தில்லிக்கு மாற்றலாகிப் போகிறார்கள். அம்மா பெட்டியைத் திறந்து, அப்பா போன வருஷம் எனக்காகப் பின்னி அனுப்பிய நீல ஸ்வெட்டரை எடுத்து அந்த வீட்டுப் பெண்ணுக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஒன்பது வயது. அளவு சரியாக இருந்தது.