கடைசல் மெஷினுக்குத் தேங்காயெண்ணெய்

பழைய இரும்பு எடுக்கும் நூர்தீன் நானா பத்து மணிக்கு வருவார். உங்கள் கடைசல் மெஷினை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

“எஸ்டேட் தொரை சுத்தாத மெஷினத் தலையில கட்டிட்டுக் கப்பலேறிட்டான்” என்று நான்கு நாளாகக் கடைவீதியெல்லாம் புலம்பினீர்கள். இன்று காலை அதைத் துடைத்துப் பார்த்தேன். எண்ணெய்த் துளைகளில் தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயையா ஊற்றினீர்கள்? ஹட்டன் குளிரில் அது போத்தலுக்குள்ளேயே உறைவதைத் தினமும் பார்க்கிற மனிதர்! தொரையின் மெஷினில் ஒரு குறையும் இல்லை.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, என் தையல் மெஷின் எண்ணெயைப் போட்டேன். மிதித்தவுடன் சுற்றுகிறது.

உம்மாவைப் பார்க்க வட்டவளைக்குப் போகிறேன். சோறும் பருப்பும் அடுப்படியில் இருக்கின்றன.

ஸாலிஹா

நானா கேட்டால் காரணத்தைச் சொல்லவேண்டாம். உங்களைப் பார்த்துச் சிரிக்க நான் ஒருத்தி போதும்.