படத்தில் தெரியாத குருத்தெலும்பு

12.8.1974, திங்கள்

கோபத்தில் தூக்கம் வரவில்லை. பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன் என்றால் சீஃப் டாக்டர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் என்று நினைத்துவிட்டார்கள்.

காலையில் திருவிடந்தையிலிருந்து ஏழுமலை என்பவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டட வேலையில் கயிறு அறுந்து, தொங்கிய கல் நெஞ்சில் மோதியிருக்கிறது. "மூச்சு வுட்டா குத்துதும்மா" என்றார். கூட வந்த மேஸ்திரி, "சும்மா நடிக்கிறான் டாக்டர்" என்றான்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. சீஃப் உடனே 'வேலைக்குப் போகலாம்' என்று எழுதிவிட்டார். நான் ஏழாவது விலா முன்பக்கம் முடிகிற இடத்தில் விரலை வைத்தேன். ஏழுமலை அலறிவிட்டார்.

"சார், முதுகெலும்பிலேர்ந்து எலும்பா வந்தாலும், நெஞ்செலும்போட குருத்தெலும்பாலதானே விலா சேருது? அது படத்துல தெரியாதே. அங்கதான் பிரிஞ்சிருக்கு."

"முதல் வருஷப் பாடத்தை எனக்கே நடத்துறியாம்மா?"

மேஸ்திரியும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்புதான் இன்னும் எரிகிறது.

வராந்தாவில் ஏழுமலையின் மனைவி என்னை மறித்தாள். "இன்னாம்மா பண்றது? வூட்டுக்கு இட்டுகினு போவட்டா, வேலைக்கு அனுப்பட்டா?"

"வீட்டுக்குத்தான். ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது."

அதையே சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேஸ்திரி பிடுங்கிக் கிழித்தான். "பெரிய டாக்டர் எழுதினதுதான் செல்லும்."

இன்னொன்று எழுதி அவள் கையிலேயே கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷனைத் தாங்கிப் பஸ்ஸில் ஏற்றினாள். மேஸ்திரி கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாளைக்குச் சீஃப் கூப்பிடுவார். எனக்குப் பயிற்சி இன்னும் நான்கு மாதம் பாக்கி. முடித்துவிட்டேன் என்று அவர் கையெழுத்துப் போடாவிட்டால்...

கூப்பிடட்டும்.