காவலூர் அக்கா வரைந்த முதுகு

என் அன்பு அம்மாவுக்கு, எனக்கு மட்டுமே அம்மா என்று நான் நினைத்திருந்தவளுக்கு,

சாமை அறுத்தாகிவிட்டது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. நல்ல சேதி அவ்வளவுதான்.

காவலூரில் நீ சமைத்துப் போட்டாயே, அந்த ஓவியக்கார அக்கா நம் வீட்டுக்கு வந்தார். போனில் ஒரு படம் காட்டினார். ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்து சாமை புடைக்கிறாள். உடம்பில் துணி இல்லை. "உங்கம்மாதான். வேலூர்ல கண்காட்சி வெக்கிறேன். நீ சரின்னு சொன்னா இதையும் வெப்பேன்" என்றார்.

நான் நம்பவில்லை. கதவைச் சாத்திக் குளிக்கும்போதுகூடப் பாவாடையை மார்புக்கு மேல் கட்டியவள் நீ. ஆனால் இடது தோளுக்குக் கீழே அந்தத் தழும்பு இருந்தது. நீ செத்த அன்று உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போதுதான் நானே அதைப் பார்த்தேன். எனக்குக் காட்டாததை அவருக்கு ஏன் காட்டினாய்?

"குடும்ப மானமே போச்சு!" என்று சித்தப்பா கத்தினார். கத்திக்கொண்டே படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"மானம் போச்சுன்னுட்டு இன்னாத்துக்குய்யா இழுத்து இழுத்துப் பாக்குற?" என்றாள் சித்தி.

"அண்ணிதானான்னு பாக்குறேன்."

"முதுகப் பாத்தா அண்ணியத் தெரியுமா உனக்கு?" சித்தி போனைப் பிடுங்கினாள். "நம்ம கெழவிங்க ரவிக்கையே போட்டதில்ல. இதுல இன்னா அசிங்கம்?"

அந்த அக்காவோ, "ஆசையா பாக்குறதுக்கு வரஞ்சதில்ல. அவங்க உக்காந்திருக்கிற அமைதிதான் படம்" என்றார். அது வரைந்தவருக்குத் தெரியும். வேலூரில் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியுமா? சித்தப்பாவுக்கே தெரியவில்லையே.

"அம்மா தானா ஒத்துக்கிட்டாங்களா?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

"வேணாம்னா சொல்லியிருப்பாங்களே."

அங்கேதான் உறுத்தியது. அவர் வீட்டுச் சர்க்கரை போடாத காப்பியைக்கூட வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் குடித்தவள் நீ. சம்பளம் தருகிறவரிடம் இதை மட்டும் சொல்லியிருப்பாயா? இல்லை, உனக்கும் பிடித்துத்தான் இருந்ததா? படத்தில் நீ நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறாய், அம்மா.

"வேணாங்க்கா. வெக்காதீங்க" என்றேன்.

"நீயும் அசிங்கம்னு நெனைக்கிறியா?"

"இல்லக்கா. எங்கம்மாவ கேக்க முடியலயே."

வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சையும் நான் முழுதாக நம்பவில்லை. எட்டாவதோடு நின்றவள், கடைக்குப் போகக்கூடக் கூச்சப்படுகிறவள், கண்காட்சி அன்று தனியாக வேலூர் பஸ் ஏறுவேன். அந்தப் படம் மாட்டியிருந்தால் அதை மறைத்துக்கொண்டு முன்னால் நிற்பேன். கழற்றும்வரை நகரமாட்டேன். இது சத்தியம்.

உன் வயிற்றில் பிறந்த ஒரே மகள்