பாதித் தட்டில் வருகிறவள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா துணையால் ஓசூரில் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

தவக்காலத்து ஒருவேளைச் சாப்பாட்டை, இன்னும் இளைக்க நினைத்து ஈஸ்டருக்குப் பிறகும் நான் விடவில்லை. போன மாதம் கம்பெனியில் லேசாக மயக்கம், அவ்வளவுதான். டாக்டர் சொன்னபடி இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். ஆனால் பாதித் தட்டில், நான் ஈஸ்டருக்கு வந்தபோது நீங்கள் மெச்சிய அந்த ஒல்லி எஸ்லின் வந்து கையைப் பிடிக்கிறாள். கேன்டீன் வெள்ளையம்மா அக்கா எதிரே உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு வாய் களி தின்னு கண்ணு" என்றால்தான் அந்த ஒல்லி என் கையை விடுகிறாள்.

நான் இளைத்ததற்காக நீங்கள் பிடித்துத் தைத்த சுடிதார்களைப் பார்சலில் அனுப்புகிறேன். தையலைப் பிரித்துவிடுங்கள்.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வரும்போது 'இளைச்சுட்டே' என்றும் சொல்லாதீர்கள், 'தேறிட்டே' என்றும் சொல்லாதீர்கள். சோறு போட்டு எதிரே உட்காருங்கள், அம்மா.

எஸ்லின்