பதினெட்டு கிலோ

மார்ச் 3

என் வாலுத் தங்கச்சிக்கு,

சௌக்கியமா? நேர்லயோ போன்லயோ கேட்டா பாதியிலயே கத்துவே, அதான் எழுதுறேன். கடிதத்துல நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேக்காது.

விஷயம் நம்ம ரேஸ் கார்தான். போன பந்தயத்துல ஒவ்வொரு வளைவுலயும் ஒரேயடியா சாஞ்சுது. பதினாறு பேர்ல பதினாலாவதா வந்தேன், சிரிக்காதே. சஸ்பென்ஷனை மாத்தியே ஆகணும். பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே வச்சுக்கிட்டு, குட்டையா கெட்டியா ஸ்பிரிங் மட்டும் போடலாம், மலிவு. பேர் தெரியாத கம்பெனி ஒண்ணு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டு முழுசாவே விக்குது; பளபளன்னு இருக்கு. இல்லேன்னா நல்ல கம்பெனி ஷாக், செகண்ட் ஹேண்ட்ல. அதுதான் யானை விலை.

நாள் முழுக்க லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஷாக் பிரிச்சு மாட்டுறவ நீ. எதை வாங்க, சொல்லு. ஸ்கூல் பஸ் ஓட்டுற சம்பளத்துல ஒரு தப்புகூடத் தாங்காது.

அண்ணி நலம். நீ வர்றதே இல்லேன்னு உன்மேல கோவமா இருக்கா.

உன் அண்ணன்


மார்ச் 11

ஆசை அண்ணனுக்கு,

பளபளன்னு இருக்குன்னு எழுதினே பாரு, அங்கேயே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த செட்டைத் தொடாதே. ஆறு மாசத்துல எண்ணெய் கக்கும், மாத்த ஒரு வாஷர்கூடக் கிடைக்காது. வெறும் ஸ்பிரிங்கும் வேண்டாம். ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும், அவ்வளவுதான். குதிக்கிறதை அடக்குறது ஷாக். தேஞ்சுபோன ஷாக்கோட கெட்டி ஸ்பிரிங்கைப் போட்டா டயர் தரையிலயே நிக்காது.

யானை விலைன்னாலும் மூணாவதை வாங்கு. சீல், எண்ணெய் எல்லாம் மாத்தி நானே சரி பண்ணித் தர்றேன். கூலி, அண்ணி கையால ஒரு வேளைச் சாப்பாடு. மத்த எதுல வேணா கஞ்சத்தனம் பண்ணு, ஷாக்ல மட்டும் பண்ணாதே.

ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியா இருக்கணும்னு முடிவு பண்ண எடை வேணும். நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எடை மிஷின் வச்சு, அரை டாங்க் பெட்ரோலோட, ஹெல்மெட் போட்டு நீயும் உள்ள உக்காந்து எடு. போன வருஷ எடை என் நோட்டுல இருக்கு, ஒத்துப் பாக்குறேன்.

வாலு


மார்ச் 26

வாலு,

வாங்கிட்டேன்! பார்சல்ல உனக்கு அனுப்பியிருக்கேன். காசு எப்படியோ புரட்டிட்டேன், கேக்காதே.

எடை இதோ. முன்னாடி இடது 286, வலது 294. பின்னாடி இடது 178, வலது 182.

ஏப்ரல் கடைசி ஞாயிறு பந்தயம். வருஷத்துல எட்டு ஞாயித்துக்கிழமைதான் நான் மனுஷன், மத்த நாளெல்லாம் ஹாரன் அடிக்கிற மிஷின். சீக்கிரம் பண்ணிக் குடு.

அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணா,

ஷாக் வந்துச்சு. நல்ல சாமான். உனக்கும் கண்ணு இருக்குன்னு ஒத்துக்கிறேன்.

ஆனா எடையைக் கூட்டிப் பாத்தா 940 வருது. போன வருஷம் 958. அதே கார், அதே அரை டாங்க். பதினெட்டு கிலோ எங்கேண்ணா? இளைச்சுட்டேன்னு கதை விடாதே, அண்ணி அனுப்பின போட்டோவுல தொப்பை பத்திரமா இருக்கு. ரெண்டு நாளா யோசிச்சுட்டேன். உள்ள அவ்வளவு எடைக்கு இருக்கிறது இரும்புக் கூண்டு ஒண்ணுதான். கார் உருண்டா உன் மண்டையைக் காப்பாத்துற கூண்டு.

அதை என்ன பண்ணினே? உண்மையைச் சொல்லு.

வாலு


ஏப்ரல் 10

வாலு,

உன்கிட்ட மறைக்க முடியுமா! வித்துட்டேன். நட்டு போட்டு மாட்டுற கூண்டுதானே, கழட்டினதும் ஒருத்தன் கொத்திக்கிட்டுப் போயிட்டான். அந்தக் காசுலதான் ஷாக் வாங்கினேன். கட்டில் செய்யிற வெல்டரைப் பிடிச்சு, அதே மாதிரி குழாய் வளைச்சு, அதே நீலப் பெயின்ட் அடிச்சு மாட்டியாச்சு. பந்தயக் கிளப்புல பரிசோதகர் தட்டிப் பாத்துட்டு சரின்னுட்டார். குழாய் கொஞ்சம் மெல்லிசு, அவ்வளவுதான். பத்து வருஷத்துல ஒரு தடவையாவது உருண்டிருக்கேனா?

மத்த எதுல வேணா கஞ்சத்தனம் பண்ணுன்னு நீதானே எழுதினே. அண்ணிகிட்ட மூச்சு விடாதே. ஷாக்கை அனுப்பிடு, என் தங்கம்ல.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

ஷாக்கை அனுப்பிட்டேன், அது உன் காசுல வாங்கினது. கூடவே இன்னொண்ணும் செஞ்சுட்டேன். கூண்டுல துளை போட்டு, குழாய் எவ்வளவு கனம்னு அளந்து பாக்கச் சொல்லி உன் கிளப்புக்கு எழுதிட்டேன்.

உன்கிட்ட கெஞ்சினா கேக்க மாட்டே. நான் எழுதின வரியையே எனக்குத் திருப்பிக் காட்டினே, அன்னிலேர்ந்து சோறு இறங்கலை. திட்டு, அடிக்கணும்னா வந்து அடி. பேசாம மட்டும் இருந்துடாதே.

வாலு


மே 2

அன்புடையீர்,

நீங்கள் அனுப்பிய ஷாக்குகள் வந்து சேர்ந்தன. எல்லார் முன்னாலும் கூண்டில் துளை போட்டார்கள். எனக்கு இரண்டு வருடத் தடை. பத்து வருடம் கூட ஓட்டியவர்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பரவாயில்லை. பரிசோதனையே இல்லாமல் ஓட்ட விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கல் குவாரிக்குப் போகும் பழைய ரோட்டில், ஜூன் முதல் ஞாயிறு. இதே காரில் ஓட்டுகிறேன்.

உங்கள் கூலி எவ்வளவு என்று தெரிவித்தால் அனுப்பிவிடுகிறேன். மற்றபடி கடிதம் வேண்டாம்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்


மே 24

அண்ணா,

புதுக் கூண்டுக்கு நான் அனுப்பின பணம் திரும்பி வந்துடுச்சு. அண்ணியும் அழுது பாத்துட்டாளாம். நான் வந்தா கதவைத் திறக்க மாட்டேன்னு சொல்லிட்டியாமே. இதையாவது படி.

ஷாக்கைத் திருகி வைக்கத் தப்பான அளவைச் சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். வண்டி சரியா ஓடாது, நீயும் வெறுத்துப்போய் வீட்டுக்கு வந்துடுவேன்னு. ஆனா அளவு தப்பினா கார் உருளும். உன் தலைக்கு மேல இருக்கிறது கட்டில் குழாய். அதனால சரியான அளவைத்தான் எழுதுறேன்.

குவாரி ரோடு குண்டும் குழியுமா இருக்கும், காரைத் தாழ்த்தாதே. ஷாக் தலையில இருக்கிற திருகை முழுசா இறுக்கிட்டு, முன்னாடி டிக் டிக்னு ஒன்பது சொடுக்கு, பின்னாடி பதினொண்ணு தளர்த்து. மழைன்னா இன்னும் ரெண்டு. டயர் தரையை விடாது. போன தடவையைவிட நீ வேகமாத்தான் போவே, அதுவும் என் கைவேலையாலதான். எனக்கு வேற வழி தெரியலைண்ணா.

அந்த ஞாயித்துக்கிழமை போனை வீட்டுலயே வச்சுட்டு பட்டறையில வந்து உக்காந்திருப்பேன். அது அடிச்சா எடுக்குற தெம்பு எனக்கில்லை.

வாலு