தகட்டின்மேல் காய்ந்த நெத்திலி

பசியாவரம்

அன்பு மகள் வளர்மதிக்கு அம்மா எழுதுவது. உன் நைனாவின் மருந்துக்காக நீ மாட்டிக் கொடுத்த சோலார் தகடுகளின்மேல் உன் அண்ணன் முரளி நெத்திலி காயவைத்து, அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டான். மஸ்கட்டில் நீயாவது சுகமாக இரு, இங்கே எல்லாரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் வீட்டில் அவன் பக்கத்திலேயே நிற்கிறான்.

புயலில் கம்பம் சாய்ந்ததிலிருந்து தீவுக்குக் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜுக்கு அந்தத் தகடுகள்தான் கதி. நான் மீன் விற்கப் பழவேற்காட்டுக்குப் படகேறியதும் இவன் மாடியேறி மீனைப் பரப்பியிருக்கிறான். மணலைவிடக் கண்ணாடிமேல் சீக்கிரம் காய்கிறதாம். கேட்டால், வெயிலு சும்மாதானம்மா போவுது, மீனும் காயட்டும் கரண்டும் வரட்டும், உனுக்கு இன்னா நஷ்டம்னு சிரிக்கிறான். அவன் பெண்டாட்டி சுதா, அத்தை இப்போ கரண்டு ஆபீசருன்னு ஒத்து ஊதுகிறாள். சூடு வேறு, வெளிச்சம் வேறு என்பது இவர்கள் தலையில் ஏறவில்லை. நீ விட்டுப்போன பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்த எனக்கே புரிந்தது. அந்த நீலக் கட்டங்கள் சிலிக்கான், வெளிச்சம் பட்டால் உள்ளே எலக்ட்ரான்கள் கழன்று ஒரே பக்கமாக ஓடும், அந்த ஓட்டம்தான் கரண்ட். கட்டங்களை ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள், சிலதை மூடினாலே மொத்த வரிசையும் முடங்கும். சூடு ஏறினால் கரண்ட் குறையத்தான் செய்யும். ஒரு காலத்தில் செயற்கைக்கோளில் பூட்டிய சாமான், யார் யாரோ வருஷக்கணக்கில் உழைத்து, விலை இறங்கி இந்தத் தீவுவரை வந்து சேர்ந்தது, நாம் அதைக் கருவாட்டுப் பாய் ஆக்கினோம். கவிச்சி போகட்டும் என்று உப்பு ஏரித் தண்ணீரை ஊற்றிக் கழுவியிருக்கிறான், மேலே உப்பும் படிந்து கிடக்கிறது.

பேட்டரி ஏறாமல் ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடியிருக்கிறது. மருந்து பார்க்கத் தெளிவாகவே இருந்ததால், சூட்டில் வீரியம் போனது தெரியாமல் அதையே தினமும் ஊசி போட்டேன். சர்க்கரை ஏறி, சிப்பி கிழித்த கால்விரல் கறுத்து, பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். விரலோடு போகுமா, முழங்காலோடு போகுமா என்று டாக்டர் சொல்லவில்லை. கால் போனா படகுல எப்டி நிக்கிறதுன்னு என்னைக் கேட்கிறார். இப்போது பக்கத்து வீட்டுக் குப்பம்மாளும் தன் தகட்டில் மீன் பரப்புகிறாள். தடுத்தால், உன் புள்ளதானே சொல்லிக் குடுத்தான்னு கேட்கிறாள். முரளி ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து நிற்கிறான், உள்ளே வருவதில்லை. நான் கூப்பிடவும் மாட்டேன்.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க அங்காளம்மன் துணை. முரளி குடிதண்ணீரில் தகடுகளைத் துடைக்க வேண்டும். சுதா ஃபிரிட்ஜ் குளிர்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். நீ உன் அண்ணனிடம் பேச வேண்டும், என் வாயால் ஆகாது. உன் நைனாவின் கால் தப்ப வேண்டும், அதை யார் செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா,
நாகம்மாள்